உலோகப் பலகையை எங்கே வைத்தாலும் ஒன்றுதானா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் ப்ளஸ் டூ படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். இணைத்தட்டு மின்தேக்கியின் நடுவே உலோகப் பலகையை நுழைத்தால் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது சேர்த்து வைக்கும் மின்னூட்டம், கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. உலோகம் மின்சாரத்தைக் கடத்துமே, அப்புறம் எப்படிக் கூடும்? பலகையை ஒரு தட்டின் பக்கமாகத் தள்ளி வைத்தாலும் விடை மாறாதாம். டியூஷனில் கேட்டால், "மின்காப்பு மாறிலியை முடிவிலி என்று போடு, விடை வந்துவிடும்" என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

மின்காப்பு மாறிலி என்பது, தட்டுகளுக்கு நடுவே ஒரு பொருளை நிரப்பினால் திறன் எத்தனை மடங்கு கூடும் என்று சொல்லும் எண். அதை முடிவிலி என்று போட்டால் விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஏன் வருகிறது என்று கேட்டீர்களே, இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

பலகை இரண்டு தட்டுகளையும் சேர்த்துத் தொட்டால் நீங்கள் நினைத்ததுதான் நடக்கும்: மின்னூட்டம் ஓடித் தீர்ந்துவிடும். எதையும் தொடாமல் நின்றால் கதை வேறு. பலகையின் எலக்ட்ரான்கள் நேர்த்தட்டைப் பார்த்த முகத்துக்கு நகரும். மறுமுகத்தில் அதே அளவு நேர்மின்னூட்டம் மிஞ்சும். பலகைக்குள் மின்புலம் பூஜ்யமாகும் வரை இந்த நகர்வு நிற்காது. புலம் இல்லாத இடத்தில் மின்னழுத்தமும் மாறாது. ஆக, பலகையின் தடிமன் அளவுக்கு இடைவெளி குறைந்த மாதிரி ஆகிவிடுகிறது; இடைவெளி குறைந்தால் திறன் கூடும்.

கணக்காகப் பார்ப்போம். தட்டின் பரப்பு 100 சதுர செ.மீ., இடைவெளி 4 மி.மீ. என்றால் திறன் சுமார் 22 பிக்கோஃபாரட். 2 மி.மீ. தடிமனுள்ள பலகையை நுழைத்தால் மிஞ்சுவது 2 மி.மீ. காற்று, திறன் 44. பலகையைத் தள்ளி வைத்தால் ஒரு பக்கக் காற்று குறையும், மறுபக்கம் அதே அளவு கூடும். மொத்தம் அதே 2 மி.மீ.தான். இதனால்தான் மெல்லிய அலுமினியத் தாளைத் தட்டுகளுக்கு இணையாக வைத்தால் திறன் ஏறக்குறைய மாறுவதே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் பலர் தடுக்கி விழும் இடம் அது. பேட்டரி இணைப்பில் இருக்கிறதா, கழற்றியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். 100 வோல்ட்டுக்கு மின்னேற்றிக் கழற்றிவிட்டால் மின்னூட்டம் மாறாது. காற்றில் உள்ள புலமும் மாறாது. மின்னழுத்தம் 50 வோல்ட்டாக இறங்கும், சேமித்த ஆற்றல் 0.11 மைக்ரோஜூலிலிருந்து பாதியாகும். மீதி எங்கே போனது? தட்டுகளின் விளிம்பில் உள்ள புலம் பலகையை உள்ளே இழுக்கிறது, அந்த வேலைக்குப் போனது.

பேட்டரி இணைப்பில் இருந்தால் அழுத்தம் 100 வோல்ட்டிலேயே நிற்கும். மின்னூட்டமும் புலமும் இரட்டிக்கும், ஆற்றல் 0.22 ஆகும். ஆற்றல் கூடுகிறதே, அப்படியானால் பலகையை வெளியே தள்ளுமோ என்று தோன்றும். இல்லை, அப்போதும் உள்ளேதான் இழுக்கும். பேட்டரி புதிதாகக் கொடுப்பது 0.22 மைக்ரோஜூல், பாதி சேமிப்புக்கு, பாதி இழுக்கும் வேலைக்கு. பேட்டரியைக் கணக்கில் விட்டால் விடை தலைகீழாகிவிடும்.

உங்கள் பக்கம் தோப்புகளில் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு வைக்கும் கண்டென்சரும் இதே ஆள்தான். உலோகப் பரப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் சுருட்டியிருப்பார்கள். பார்க்கும் ஆசையில் அதைப் பிரித்துவிடாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும், கை வைத்தால் அடிக்கும்.