மாத்திரை கலந்த தண்ணீரை வெளிச்சம் சுத்தம் செய்யுமா? டர்பன் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆன்டிபயாடிக் போய்விடாதா? (ஒரு அக்கா, சாட்ஸ்வொர்த்)

அதை நம்பாதீர்கள் அக்கா. கொதித்தால் கிருமி சாகும், ஆனால் பல மருந்துகள் அப்படியே கிடக்கும். விழுங்கிய மாத்திரையில் ஒரு பங்கு மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது, கழிவுநீர் நிலையங்களோ மருந்தை நினைத்துக் கட்டியவை அல்ல. நம் தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி உள்ளவர்களுக்கு வேறு தொற்று வராமல் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையில் உள்ள சல்பமெத்தாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் இப்படித்தான் ஆற்றுக்கு வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர் நிலையங்கள் சேதமானபோது அந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் போனது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருந்தால் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும் என்பதுதான் என் பயம்.

கேள்வி: ஒளிவினையூக்கி என்றால் என்ன? (ஃபீனிக்ஸ்)

வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் தூள். பெயர்பெற்றது டைட்டானியம் டை ஆக்சைடு, பெயிண்டில் இருக்கும் அதே வெள்ளைத் தூள்தான். ரிச்சர்ட்ஸ் பே மணல்மேடுகளில் தோண்டும் இல்மனைட்டும் டைட்டானியத் தாதுதான். டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் துள்ளி எழும், அது விட்டுப்போன இடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகளை உண்டாக்கும், அது எதிர்ப்படும் மருந்து மூலக்கூறைப் பிய்த்துப் போடும். தண்ணீரையே ஒளியால் பிரிக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் காட்டியது இதை வைத்துத்தான். சிக்கல் என்னவென்றால் இதற்குப் புறஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது 5 சதவீதம் அளவுதான். அதனால்தான் யூரியாவைச் சூடாக்கியே செய்யக்கூடிய கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் தூள் எனக்குப் பிடிக்கும், நீல வெளிச்சத்திலும் அது வேலை செய்யும்.

கேள்வி: ஒளிவினையூக்கியால் ஆய்வகத்தில் 95 சதவீதம் மருந்து நீங்கியது என்று படிக்கிறோம், அப்புறம் ஏன் ஊரில் வைக்கவில்லை? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நல்ல கேள்வி தம்பி. ஆய்வகத்தில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கின் கரைசல் இளமஞ்சளாக இருக்கும். தூளைப் போட்டு, விளக்கைப் போடாமல் இருட்டில் அரை மணி நேரம் கலக்குவோம், ஏனென்றால் தூளில் வெறுமனே ஒட்டிக்கொண்ட மருந்தையும் உடைந்த கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அப்புறம் விளக்கு; மஞ்சள் வெளுக்கும். பார்க்க அழகு, ஆனால் நிறம் போனால் மருந்து முழுசாக அழிந்தது என்று அர்த்தமில்லை. உடைந்த துண்டுகள் சில நேரம் கிருமியைக் கொல்லும் குணத்தோடே இருக்கும், அதைச் சோதிக்காத முடிவை நான் நம்பமாட்டேன். ஆய்வகத்தில் லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் போடுகிறோம், ஆற்றில் இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. போதாததற்கு உம்கேனி ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, இலைதழை மக்கிய கரிமப் பொருள்களும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பும் ராடிக்கல்களைத் தாங்களே விழுங்கிவிடும். அதனால் வடிகட்டித் தெளிந்த பிறகு, கடைசிப் படியாக வைப்பதுதான் சரி.

கேள்வி: வீட்டுப் பாட்டிலில் அந்தத் தூளைப் போட்டு வெயிலில் வைக்கலாமா? (லெனேஷியா)

வேண்டாம் அண்ணே. தூள் அவ்வளவு நைசு, துணியில் வடித்தாலும் தண்ணீரோடு வந்துவிடும். தூளைக் கண்ணாடியில் பூசியோ, காந்தத்தால் இழுக்கும்படி இரும்பு ஆக்சைடோடு சேர்த்தோ செய்து பார்ப்பதே இதற்காகத்தான். மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள், அதற்கு எந்தத் தூளும் வேண்டாம்.