எண்ணெயில் பை க்ரஸ்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெண்ணெயைக் குளிரவைத்து, நறுக்கி, மாவில் உதிர்த்துப் பை (pie) செய்வதற்குள் அலுத்துப்போகிறது. பையின் உள்ளீட்டைத் தாங்கும் மாவு ஓடான க்ரஸ்ட்டை எண்ணெயிலேயே செய்ய முடியுமா? அளவு சொல்லுங்கள்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதன்முறை பை செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வதும் இதைத்தான். 9 அங்குலத் தட்டின் அடிப்பாகத்துக்கு மைதா 170 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி, குளிர்ந்த பால் அல்லது தண்ணீர் 2 மேசைக்கரண்டி. இனிப்புப் பை என்றால் 1 தேக்கரண்டி சர்க்கரையும் சேருங்கள்.

மைதாவோடு உப்பைக் கலந்து வையுங்கள். எண்ணெயையும் பாலையும் தனிக் கிண்ணத்தில் முள்கரண்டியால் நன்றாக அடித்து, வெளுத்துக் கலங்கியதும் தாமதிக்காமல் மொத்தமாக மாவில் ஊற்றுங்கள். இரண்டையும் தனித்தனியே விட்டால் ஓரிடத்தில் மாவு பாலை மட்டும் குடித்து இறுகும், இன்னோரிடத்தில் எண்ணெய் தேங்கும். முள்கரண்டியாலேயே கிளறுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிசையவே கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் 1 தேக்கரண்டி பால் போதும்.

இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, 12 அங்குல வட்டமாக, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். மைதா தூவித் தேய்த்தால் அந்த மாவும் உள்ளே ஏறி க்ரஸ்ட் வறண்டுவிடும். மேல் தாளை உரித்து, தட்டின் மேல் கவிழ்த்து, மறு தாளையும் மெல்ல எடுங்கள். கிழிந்தால் கவலை வேண்டாம், விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். தேய்க்கவே வராதவர்கள் மாவைத் தட்டில் கொட்டி விரலாலேயே பரப்பலாம். ஓரமும் அடியும் சேரும் மூலையில்தான் கனம் கூடிவிடும். அங்கே மட்டும் கவனம்.

கேள்வி: மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். தேய்க்கும்போது விரிசலாக விட்டது. ஏன்?

பதில்: ஃப்ரிட்ஜில் வைத்ததால்தான். வெண்ணெய் மாவுக்குக் குளிர்ச்சி தேவை, இல்லையென்றால் வெண்ணெய் இளகிவிடும். எண்ணெய் மாவு குளிர்ந்தால் இறுகிப் பொலபொலத்துப் போகும். கலந்த கையோடு தேய்த்துவிடுங்கள். முன்கூட்டியே செய்துவைக்க வேண்டுமென்றால், தட்டில் பரப்பிய பிறகு இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: அடுக்கடுக்காக வரவில்லையே?

பதில்: வராது. வெண்ணெய்த் துண்டுகள் மாவுக்கு நடுவே தகடுகளாகக் கிடந்து, ஓவன் சூட்டில் உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால் அடுக்கு உண்டாகிறது. எண்ணெயோ மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து, மாவை இழுபடச் செய்யும் புரதமான குளூட்டன் அதிகம் உருவாகாமல் தடுக்கிறது. அதனால் மிருதுவாக, பிஸ்கட் போல உதிரும். பழக்கூழ், முட்டை கஸ்டர்டு வைத்த பைகளுக்கு இது அருமை. மேலே பட்டைகளாகப் பின்னுகிற பைக்கு வெண்ணெய் க்ரஸ்டே சரி; எண்ணெய் மாவுப் பட்டை தூக்கும்போதே அறுந்துவிடும்.

கேள்வி: அடிப்பாகம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது.

பதில்: உள்ளீட்டின் ஈரம் வேகாத மாவில் இறங்குவதுதான் காரணம். க்ரஸ்ட்டை முதலில் வெறுமனே வேகவையுங்கள். அடியில் முள்கரண்டியால் குத்தி, பட்டர் பேப்பர் விரித்து, விளிம்புவரை காய்ந்த பயறு அல்லது அரிசி நிரப்பி, 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். இந்தப் பாரம் இல்லாவிட்டால் பக்கச்சுவர் சரிந்து கீழே இறங்கும். பிறகு தாளையும் பயறையும் எடுத்துவிட்டு, அடிப்பாகம் காய்ந்து வெளிர்பொன்னிறம் ஆகும்வரை இன்னும் 5 முதல் 8 நிமிடம். சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகத் தடவினால் ஈரம் எளிதில் ஊறாது. கண்ணாடித் தட்டைவிட உலோகத் தட்டில் அடி சீக்கிரம் சிவக்கும். ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

கேள்வி: கோதுமை மாவில் செய்யலாமா?

பதில்: பாதி மைதா, பாதி கோதுமை மாவு நன்றாக வரும். தவிடு கூடுதல் ஈரம் இழுக்கும். 1 மேசைக்கரண்டி பால் அதிகம் விட்டு, 10 நிமிடம் மூடி வைத்துத் தேயுங்கள்.