மாஸ்டடான் சர்வரை மூடிவிட்டால் நம் கணக்கு என்ன ஆகும்?

சிங்கப்பூர்த் தமிழ் வாசகர் குழுவுக்கு மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்கலாமா, சர்வரை மூடினால் எல்லாம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். அது ஒரே நிறுவனத்தின் தளம் இல்லை. ஆளாளுக்கு நடத்தும் சர்வர்கள், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. தேக்காவிலிருந்து நீங்கள் எழுதுவதை, உங்களைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கு உங்கள் சர்வரே அனுப்பிவிடும்.

வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஆனால் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே மாற வேண்டும்: முதலில் புதிய கணக்கில் பழைய முகவரியைச் சேர்த்துவிட்டு, பழைய கணக்கின் அமைப்புகளில் இடமாற்றம் கொடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டால் இதற்கு வழியே இல்லை. எனவே யார் நடத்துகிறார், செலவுக்கு என்ன செய்கிறார் என்று விசாரித்துச் சேருங்கள்.

அப்புறம், தனிச்செய்திகளைச் சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். உறுப்பினர்களின் ஐசி (அடையாள அட்டை) எண்ணையெல்லாம் அதில் கேட்காதீர்கள்.