தாத்தாவின் மாயாவியும் பேரனின் கொட்டாவியும்

கேள்வி: என் அப்பா 1970-களில் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர். அண்மையில் அதன் மறுபதிப்பை வாங்கி வந்து, பத்து வயதான என் மகனிடம் ஆசையோடு கொடுத்தார். அவனோ சில பக்கங்களிலேயே, "சொன்னதையே சொல்றாங்க தாத்தா" என்று மூடி வைத்துவிட்டான். அப்பாவுக்கு வருத்தம். குறை கதையிலா, பையனிடமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பையனிடம் குறையே இல்லை; கூர்ந்து படித்திருக்கிறான். இந்தக் கதை புத்தகமாக எழுதப்பட்டதன்று. 1962-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில், வாரந்தோறும் சில பக்கங்களாக வெளிவந்த தொடர் அது. சென்ற வார இதழைத் தவறவிட்ட சிறுவனுக்கும் கதை புரிய வேண்டும், அவன் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு தவணையும் முன்கதையை நினைவூட்டித் தொடங்கி, ஏதேனும் ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இதனை வெளியிட்டபோது தவணைகள் ஒரே புத்தகமாயின. ஆனால் தையல்கள் தெரியத்தான் செய்தன. முழுநீளச் சித்திரக்கதை தமிழில் கையடக்கமாகக் கிடைப்பதே அரிதாக இருந்த அக்காலத்தில் உங்கள் தந்தையைப் போன்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

பழையதாகாத ஒன்றும் அதில் இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு மைக் கோடுகளைச் சொல்கிறேன். ஆய்வக உதவியாளனான கதாநாயகன் மீது மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துபோக, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நகரும். விளைவு தீர்ந்ததும் உருவம் திரும்பிவிடுமாதலால், அவன் மறுபடியும் மின்சாரத்தைத் தேடி ஓட வேண்டும். கதையின் விறுவிறுப்பு அவனுடைய ஆற்றலைவிட இந்தப் பலவீனத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆகவே புத்தகத்தைத் தாத்தாவே வைத்துக்கொள்ளட்டும். இரவுக்கு நான்கு பக்கம் மட்டும் பேரனுக்குப் படித்துக் காட்டி, கதாநாயகன் வசமாக மாட்டிக்கொள்ளும் இடமாகப் பார்த்து மூடிவிடட்டும். அப்போது முன்கதைச் சுருக்கத்தைப் பையனே கேட்டு வாங்குவான்.

கேள்வி: இத்தகைய தொடர்களை முதல் இதழிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? பழைய இதழ்கள் கிடைப்பதில்லை.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. மாயாவியை மட்டும் தொடக்கத்திலிருந்து படிப்பது நல்லது. ஏனெனில் முதலில் திருட்டில் இறங்குகிற அவன், பிற்பாடுதான் உளவுப் படையில் சேருகிறான். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் உருவாக்கிய கௌபாய் வீரர் லக்கி லூக்கை (முத்து காமிக்ஸின் நிறுவனத்தாரே 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் அவர் தமிழ் பேசுகிறார்) எந்தப் புத்தகத்திலிருந்தும் தொடங்கலாம். அவர் கதைகளில் சிறையிலிருந்து ஓயாமல் தப்பியோடும் டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் நிற்பார்கள். குள்ளனுக்குக் கோபம் அதிகம், நெட்டையனுக்குப் பசி அதிகம். இவ்வளவு தெரிந்தால் போதும். பழைய இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் படிப்பதற்கு மறுபதிப்பே ஏற்றது, கிழிந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள்.