அந்த அன்யெஹோ ஏன் இனித்தது?

கேள்வி: எனக்கு வயது 61, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை பழைய நண்பர்கள் நாலு பேர் பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். போன மாதம், ‘டூட்டி ஃப்ரீ சரக்கு’ என்று சொல்லி ஒரு தெரிந்த ஆள் அன்யெஹோ என்ற வகை டெக்கீலா (மெக்சிகோ மது) கொண்டுவந்து கொடுத்தார். நாலாயிரம் ரூபாய். தேன் நிறம், வெனிலா வாசனை, குடிக்க இனிப்பாக, வழவழவென்று இருந்தது. எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கப்பலில் வேலை பார்க்கும் நண்பரின் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, ‘இது சரியில்லை அங்கிள்’ என்கிறான். அது போலியா? இந்த விலைக்குள் நல்லதை எப்படிச் சுவைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: சார், அந்தப் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். நாலாயிரம் போகிறதே என்று பார்க்காதீர்கள். அது போலி என்று நான் அடித்துச் சொல்லவில்லை. போலி இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாட்டிலுக்குள் இருப்பது உண்மையில் டெக்கீலாதானா என்பது ஒன்று. டெக்கீலாதான் என்றால் நல்ல டெக்கீலாவா என்பது இன்னொன்று. நாக்கு இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். முதல் கேள்வியை நாக்கிடம் விட்டால் உயிருக்கே ஆபத்து. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ பிடிபடாது. 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் செத்தவர்கள் மூக்கில்லாதவர்கள் அல்ல. குடித்த மறுநாள் கண் மங்கினாலோ, வயிற்றுவலியும் வாந்தியும் நிற்காமல் இருந்தாலோ, ஹேங் ஓவர் என்று படுத்திருக்காமல் நேராக ஜிப்மருக்குப் போய்விட வேண்டும்.

பாண்டிச்சேரி ஓட்டல் பார்களில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு இடத்தில் பின்வாசலுக்குக் காலிப் பாட்டில் எடுக்க ஒருவர் வருவார். பீர் பாட்டிலையெல்லாம் எண்ணிச் சாக்கில் போட்டுக்கொள்வார். வெளிநாட்டுப் பாட்டிலை மட்டும் கையில் எடுத்து, லேபிளில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மூடியோடு இருந்தால் ஒரு விலை, அட்டைப் பெட்டியும் சேர்ந்தால் அதைவிட அதிகம். பழைய இரும்புக் கடைக்கு அட்டைப் பெட்டி எதற்கு? வேறு சரக்கை நிரப்பி விற்கத்தான். அன்றிலிருந்து நான் காலி செய்யும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் சாவியால் கீறி, மூடியை நசுக்கித்தான் வெளியே போடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அதனால் உரிமம் உள்ள கடையில், ரசீதோடு வாங்குங்கள். பாட்டிலின் பின்புறம் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத பாட்டில் கடையில் இருந்தால் வாங்காதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களை மாட்டிவிட்டதும் அதுதான். நிஜமான டூட்டி ஃப்ரீ பாட்டிலில் அந்த ஸ்டிக்கர் இருக்காது. பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவது அது, ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர்வரை. கப்பலில் இருக்கும் அந்தப் பையன் விமான நிலையத்தில் வாங்கி, அவனே தன் பையிலிருந்து எடுத்து உங்கள் மேஜையில் வைத்தால், ஸ்டிக்கர் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். அவன் சித்தப்பாவிடம் கொடுத்து, சித்தப்பா உங்களிடம் கொடுத்தாலும் சரி, இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டிலை விற்கக் கூடாது. விலை சொல்லி ஒருவர் விற்கிறார் என்றால் அது டூட்டி ஃப்ரீ என்ற கணக்கிலேயே வராது. அப்புறம், ஸ்டிக்கர் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே ‘டூட்டி ஃப்ரீ சார்’ என்று அவர் பதில் வைத்திருப்பார். நிரப்பிய பாட்டிலை விற்க இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நிற்பவரோ, ஓட்டல் ரூம் பாயோ, ‘தெரிந்த ஆளோ’, யார் சொன்னாலும் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நகர்ந்துவிடுங்கள்.

சரி, கடையில் நேர்மையாக வாங்கிய பாட்டிலுக்கு வருவோம். அங்கேயும் அந்த இனிப்பும் வெனிலாவும் வரலாம். அது போலி இல்லை, பூச்சு. மெக்சிகோவின் டெக்கீலா விதிப்படியே, மரப்பீப்பாயில் வைத்த டெக்கீலாவில் கேரமல் நிறம், ஓக் மரச் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு இவற்றை எடையில் ஒரு சதவீதம்வரை லேபிளில் சொல்லாமலே சேர்க்கலாம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். வெனிலா எசென்ஸ் ஒரு சொட்டு கேக் மாவை என்ன செய்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். குடிப்பவனிடம் சொல்லாமல் சேர்க்கலாம் என்று ஒரு விதி எழுதிவைத்தவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான்.

அதனால் நிறத்தை நம்ப வேண்டாம். உங்கள் விலையில் வரும் ‘கோல்டு’ என்பது போட்ட நிறம். பெயர்களில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். பிளாங்கோ என்பது வெள்ளை. ரெபொசாடோ குறைந்தது இரண்டு மாதம் ஓக் பீப்பாயில் இருந்தது. அன்யெஹோ குறைந்தது ஒரு வருடம், 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் இருந்தது. டெக்கீலா செய்யும் செடியின் பெயர் அகாவே. லேபிளில் ‘100% அகாவே’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘டெக்கீலா’ என்று மட்டும் இருந்தால் அதில் சர்க்கரைச் சத்தின் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பாகவும் இருக்கலாம். ஒரே கம்பெனி இரண்டையும் விற்கும். ஹோசே குவெர்வோவில் எஸ்பெஷல் கலப்பு வகை, ட்ரடிசியோனல் 100% அகாவே. பெயரைப் பாதி படித்துவிட்டு எடுத்தால் ஏமாற்றம்தான்.

இந்த விலைக்கு ரெபொசாடோ வாங்குங்கள், அன்யெஹோ வேண்டாம். அகாவே வயலில் முற்றவே ஆறு ஏழு வருடம் ஆகிறது. அதற்கு மேல் ஒரு வருடம் பீப்பாயில் பூட்டிவைத்து, கடல் கடந்து வந்து, 150 சதவீதச் சுங்க வரியும் கட்டி, அப்புறமும் ஒரு அன்யெஹோ மலிவாக இருக்கிறது என்றால் யாரோ எங்கேயோ சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்தை மறைக்கத்தான் வெனிலா.

இனி சுவைக்கும் முறை. ஷாட் கிளாஸ், உப்பு, எலுமிச்சை, ஐஸ் நாலும் வேண்டாம், மோசமான சரக்கின் குற்றத்தை மறைக்கவே அவை உதவும். வாய் குறுகிய வைன் கிளாஸில் முப்பது மில்லி ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள்.

நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வாசனை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுப்புத் தணலில் சுட்டு, தோலை உரிக்கும்போது ஆவியோடு எழுமே, அது. அகாவேயின் அடிப்பகுதியை, அன்னாசி மாதிரி இருக்கும் அந்தக் கட்டையை, வேகவைத்துப் பிழிந்துதான் டெக்கீலா செய்கிறார்கள். வெந்த கிழங்கு வாசனை வந்தே ஆக வேண்டும். அதன் பக்கத்தில் மிளகு, மழை பெய்த மண், எலுமிச்சைத் தோல் வரலாம். பீப்பாய் தருகிற வெனிலா, பட்டை, வறுத்த கொப்பரை எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கிழங்கே தெரியாமல் பேக்கரி வாசல் மாதிரி மணந்தால் பூச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷ் நெடி அடித்தால் காய்ச்சியதே சரியில்லை.

பிறகு ஒரு சிறு வாய். விழுங்கியபின் நாக்கில் மிளகுக் காரமும் லேசான கசப்பும் நின்று, மெதுவாகக் கிழங்கின் இனிப்பு திரும்பி வந்தால் நல்லது. உதட்டில் பாகு ஒட்டினாற்போல் இனிப்பு தங்கினால் அது கிழங்கிலிருந்து வந்தது இல்லை. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். ஆவியானபின் கை பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றைவிட எனக்கு நம்பிக்கையான சோதனை ஒன்று உண்டு. குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், பாட்டிலின் உண்மை முகம் மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும். நல்ல ரெபொசாடோவில் காலையிலும் கிழங்கும் மரமும் மணக்கும். பூச்சுச் சரக்கில் மிட்டாய் பேப்பர் வாசனைதான் மிஞ்சும். கப்பல் பையன் ஒரு வாயிலேயே கண்டுபிடித்ததற்கு, அவன் நிறைய இடங்களில் குடித்துப் பார்த்திருப்பதுதான் காரணம். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பத்து மில்லி ருசி காட்டி விற்கும் கடை நமக்குக் கிடையாது. முழுப் பாட்டிலுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அரசுக்கு வரி மட்டும் குறையாமல் வந்துவிடும். முடிந்தால், உங்கள் கண்முன் சீல் உடைக்கும் ஒரு பாரில் அதே கம்பெனியின் பிளாங்கோவையும் ரெபொசாடோவையும் ஒவ்வொரு சின்ன பெக் வாங்கி, நாலு பேரும் பகிர்ந்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிளாங்கோவில் இருந்த கிழங்கு ரெபொசாடோவிலும் இருந்தால் அந்தப் பாட்டிலையே கடையில் வாங்கலாம்.

அப்படி வாங்கிய பாட்டிலின் மிச்சத்தைக் கடலூருக்கு எடுத்துப்போக வேண்டாம். பாண்டியில் வரி கட்டி, ரசீதோடு வாங்கியதாகவே இருக்கட்டும், ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் அது மதுவிலக்கு வழக்காகலாம், வண்டியில் போனால் வண்டியும் போகலாம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஒரே பாட்டில் எப்படிக் குற்றமாக மாறுகிறது என்று அங்கே நின்று வாதாடிப் பயன் இல்லை. லாஸ்பேட்டை நண்பர் வீட்டு அலமாரியில், வெயில் படாத இடத்தில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் மூன்று நாலு மாதத்துக்குக் கவலை இல்லை. காலையில் பஸ் ஏறுவதற்கு முன் அந்தக் கிளாஸை முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன வாசனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.