வாசகர் கேள்வி: காலும் அரையும் முக்காலும்

கேள்வி: ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறேன். கொழுந்து தாமதமாக வந்ததால் இரவில்தான் வாட்டத் தொடங்கினோம் என்பதை, 'தி லீஃப் அரைவ்ட் லேட், வீ பிகேன் விதரிங் அட் நைட்' என்று எழுதினேன். மேலாளர் காற்புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மூச்சு விடும் இடத்தில்தானே காற்புள்ளி வரவேண்டும்?
- வாசகர், குன்னூர்

பதில்: மேலாளர் வட்டமிட்டது சரியே. உங்களைக் குழப்பியிருப்பவை காற்புள்ளி (,), அரைப்புள்ளி (;), முக்காற்புள்ளி (:) என்று இக்குறிகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள்தாம் என்று நினைக்கிறேன். கால், அரை, முக்கால் என்னும் அளவுகள் நிறுத்தும் நேரத்தைச் சொல்கின்றன. உரக்கப் படிப்பவருக்கு அவை உதவும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படியே கற்பித்தார்கள். ஆனால் இன்றைய ஆங்கில எழுத்தில் குறியைத் தீர்மானிப்பது மூச்சு அன்று, வாக்கியத்தின் கட்டமைப்பு.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நின்று, இங்கே முடிந்தது என்று தானே அறிவித்துவிடுகிறது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் இக்குறிகள் இல்லாமலே காலம் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடுவதால், முடிவைக் காட்டும் வேலை குறியின் தலையில் விழுகிறது. உங்கள் வாக்கியத்தில் காற்புள்ளிக்கு இருபுறமும் உள்ளவை தனித்தனியே நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள். அவற்றைக் காற்புள்ளியால் மட்டும் பிணைப்பதை ஆங்கில ஆசிரியர்கள் 'காமா ஸ்ப்ளைஸ்' என்பார்கள். அந்த இடத்தில் அரைப்புள்ளி இடலாம், அல்லது காற்புள்ளியை விட்டுவைத்து அதன்பின் 'ஸோ' என்ற இணைப்புச் சொல்லைச் சேர்க்கலாம். 'ஹவெவர்' என்ற சொல்லுக்கு இந்த இணைக்கும் வலிமை கிடையாது. இரு முழு வாக்கியங்களுக்கு நடுவே அது வந்தால் முன்னால் அரைப்புள்ளியும் பின்னால் காற்புள்ளியும் வேண்டும். அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் காணும் பிழை இது.

ஊரும் மாவட்டமுமாக முகவரிகளை அடுக்கும்போதும் அரைப்புள்ளி கைகொடுக்கும்: 'குன்னூர், நீலகிரி; கொடைக்கானல், திண்டுக்கல்; ஏற்காடு, சேலம்.' எல்லாவற்றுக்கும் காற்புள்ளியே இட்டால் மூன்று இடங்கள் ஆறாகிவிடும்.

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது முழு வாக்கியமாக இருக்கவேண்டும். 'வீ ஸெண்ட் த்ரீ கிரேட்ஸ்: பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். அண்ட் டஸ்ட்' (இவை தேயிலைத் தர வகைகள்) என்பது சரி. 'தி கிரேட்ஸ் ஆர்:' என்று பாதியில் நிறுத்திக் குறி இடுவது முறையன்று. நம் அறிவிப்புப் பலகைகளில் முக்காற்புள்ளியோடு ஒரு சிறு கோட்டையும் ஒட்டவைக்கும் வழக்கத்தைக் கடிதத்தில் கைவிடுங்கள்.

பணத்தைத் தொடும் ஓர் இடமும் உண்டு. 'தி ஒர்க்கர்ஸ் ஹூ கேம் லேட் லாஸ்ட் எ டேஸ் வேஜஸ்' என்றால் தாமதமாக வந்தவர்கள் மட்டுமே கூலியை இழந்தார்கள். 'ஒர்க்கர்ஸ்', 'லேட்' ஆகிய சொற்களுக்குப் பின் காற்புள்ளி இட்டால் எல்லாத் தொழிலாளர்களும் தாமதமாக வந்து, எல்லோரும் கூலியை இழந்ததாகிவிடும். 'தாமதமாக வந்த தொழிலாளர்கள்' என்னும் நம் பெயரெச்சம் இவ்விரண்டில் எது என்று சொல்லாது. ஆகையால் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர் இங்கே இருமுறை பார்க்கவேண்டும்.

கேள்வி: சிறு கோட்டையும் நீண்ட கோட்டையும் மாற்றி எழுதினால் தவறா?
- கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: தவறுதான், ஆனால் மன்னிக்கத்தக்கது, விசைப்பலகையில் எளிதில் கிடைப்பது சிறு கோடு மட்டுமே. 'ஹைஃபன்' எனப்படும் அது 'வெல்-நோன்' போன்ற கூட்டுச்சொற்களை இணைக்கும். 'என்' எழுத்தின் பெயரைத் தாங்கிய நடுத்தரக் கோடு 'இதிலிருந்து இதுவரை' என்பதைக் குறிக்கும்: மேட்டுப்பாளையம்–உதகமண்டலம், 1899–1908. 'எம்' எழுத்தின் பெயரைத் தாங்கிய நீண்ட கோடு இடைச்செருகலுக்கு உரியது: 'தி ஹில் ரயில்வே—இட் ரீச்ட் குன்னூர் இன் 1899—வாஸ் எக்ஸ்டெண்டட் டு ஊட்டி இன் 1908.' வாக்கியம் கோட்டுக்குப் பின்னும் தொடர்ந்தால் இரண்டாவது கோட்டை மறக்கக்கூடாது. அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விடுவது போன்றது அது. பிரிட்டிஷ் அச்சகத்தார் பலர் இதே வேலைக்கு நடுத்தரக் கோட்டை இருபுறமும் இடம் விட்டு இடுகிறார்கள். தேர்வில் எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், விடைத்தாள் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.