சோபாவுக்கு அடியிலேயே கிடக்கும் பூனைக்குட்டி

கேள்வி: ஒன்பது வாரப் பூனைக்குட்டி ஒன்றை ஐந்து நாட்களுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெரிந்தவர் வீட்டில் தாயோடும் மற்ற குட்டிகளோடும் இருந்தபோது ஓடியாடி விளையாடியது. இங்கே கூடையைத் திறந்ததுமே சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. பகலில் வெளியே வருவதே இல்லை. இரவில் நாங்கள் தூங்கிய பிறகு தட்டில் வைத்த உணவு காலியாகிறது, லிட்டர் பாக்ஸிலும் (மலசலம் கழிக்க வைத்த மணல் தட்டு) போயிருக்கிறது. இரண்டாம் நாள் என் எட்டு வயது மகள் அதைப் பிடித்து வெளியே இழுத்தாள். சீறி, கையைக் கீறிவிட்டது. "இதுக்கு நம்மளப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சோபாவின் அடியை அட்டை வைத்து அடைத்துவிட்டால் பழகிவிடுமா?

பதில்: அடைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்களில் பலர் அடைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். சோபாவை அடைத்தால் குட்டி கூடத்தின் நடுவில் வந்து உட்காராது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போகும், அங்கிருந்து துரத்தினால் வாஷிங் மெஷினுக்கு அடியில் போகும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசமான இடுக்காகத் தேடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த இரண்டு விஷயங்கள் உண்டு. குட்டி சாப்பிடுகிறது, லிட்டர் பாக்ஸைத் தேடிப் போகிறது. பயம் முற்றிப்போன குட்டி இரண்டையும் செய்யாது. உங்கள் குட்டி பயந்திருக்கிறது, ஆனால் வீடு அடங்கியதும் வெளியே வந்து அறையை மோந்து பார்த்து, வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்புகிறது. பழகும் வேலையை அது இரவில் தொடங்கிவிட்டது.

மகளின் கீறலைப் பற்றி ஒரு வார்த்தை. பூனை கீறினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் வராவிட்டாலும், வெறிநோய்த் தடுப்பூசி போடாத குட்டி என்பதால், நாள் கடந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட வேண்டாம்.

சரி, குட்டி ஏன் இப்படிச் செய்கிறது? பூனை என்றால் எலி பிடிக்கும் வேட்டைக்காரன் என்ற படம்தான் நம் மனத்தில் இருக்கிறது. அந்தப் பூனையையே பிடித்துத் தின்கிற பெரிய விலங்குகளும் பறவைகளும் உண்டு. அதிலும் ஒரு கிலோகூட இல்லாத ஒன்பது வாரக் குட்டி எவருக்கும் இரையாகலாம். நம் வீட்டுப் பூனைகளின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வாழ்ந்து தனியாக வேட்டையாடுவது. மந்தையாக வாழும் விலங்கு பயந்தால் மந்தைக்குள் ஓடும். தனியாக வாழும் விலங்குக்கு அந்த வசதி இல்லை. முதுகுக்குப் பின்னால் சுவர், தலைக்கு மேல் கூரை, எதிரே பார்க்க ஒரு வழி. இந்த மூன்றும் இருக்கும் இடுக்கு கிடைத்தால்தான் அதன் இதயத்துடிப்பு அடங்கும். உங்கள் சோபாவின் அடி மூன்றும் பொருந்திய இடம்.

ஐந்து நாட்களுக்கு முன்வரை அது தாயின் வயிற்றுச் சூட்டில் தூங்கியது. ஒரே நாளில் தாயும் இல்லை, கூடப் பிறந்தவையும் இல்லை, பழகிய வாசனையும் இல்லை. பூனை தன் இடத்தைக் கண்ணால் அடையாளம் காண்பதைவிட மூக்கால் அடையாளம் காண்கிறது. கன்னத்தையும் உடம்பையும் சுவரிலும் மேசைக் காலிலும் உரசி உரசித் தன் மணத்தைப் பூசி வைத்தால்தான் அது அதற்கு வீடு. உங்கள் வீட்டில் அதன் மணம் இன்னும் எங்கும் இல்லை, சோபாவுக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு முழ இடத்தைத் தவிர. ஒலியும் அப்படித்தான். நம் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கும். நமக்கு அமைதியாகத் தெரிகிற அறையில்கூட அதற்கு என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒளிய விட்டால் அது ஒளிந்தே பழகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம் முதல் சில நாட்களிலேயே தணிந்துவிட்டது. பெட்டி கிடைக்காதவை ஏறக்குறைய அதே நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. எப்போது வேண்டுமானாலும் ஓடி ஒளிய ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பூனை வெளியே கால் வைக்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, சோபாவின் அடியைவிட நல்ல ஒளிவிடம் ஒன்றை அமைத்துத் தருவது.

ஓர் அட்டைப்பெட்டி போதும். கவிழ்த்து வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் குட்டி நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை வெட்டுங்கள். இரண்டு வழி இருந்தால் மாட்டிக்கொண்டோம் என்ற பயம் இருக்காது. உள்ளே மெத்தென்ற துணி ஒன்று வேண்டும். குட்டியைத் தந்தவரிடம் கேட்டு, தாய்ப்பூனை படுத்த பழைய துணி ஒரு துண்டு வாங்கி வர முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. துவைக்காமல் அப்படியே போடுங்கள். குட்டி வந்த கூடையையும் பரண்மேல் ஏற்றிவிடாமல், கதவைத் திறந்தபடி ஒரு மூலையில் வையுங்கள். இரண்டாவது ஒளிவிடமாக அது பழகிவிட்டால், பின்னால் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது பிடிப்பதற்குப் போராட வேண்டியிருக்காது.

இந்தப் பெட்டியைச் சோபாவை ஒட்டியே வையுங்கள். உணவுத் தட்டை இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் பெட்டிப் பக்கம் நகர்த்துங்கள். லிட்டர் பாக்ஸ் உணவிலிருந்து தள்ளியே இருக்கட்டும். குட்டி ஏறி இறங்கும்படி அதன் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். கூடத்துக்குக் கதவு இருந்தால் இரவில் சாத்திவிடுங்கள். புதுக் குட்டிக்கு முழு வீடும் தேவையில்லை, முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரே அறை போதும். உண்மையில் முதல் நாளே ஆள் நடமாட்டம் குறைந்த சின்ன அறை ஒன்றில் விட்டிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அதற்காக இப்போது பிடித்து இடம் மாற்ற வேண்டாம்.

அடைக்க வேண்டிய இடங்களும் உண்டு. சோபாவின் அடித்துணி எங்காவது கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குட்டிகள் அந்தக் கிழிசல் வழியாக உள்ளே ஏறி ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் போய்ப் படுத்துவிடும். யாராவது பொத்தென்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாய்வு நாற்காலியாக மடங்கும் சோபா என்றால் ஆபத்து இன்னும் அதிகம், கொஞ்ச நாளைக்கு அதை மடக்கவே வேண்டாம். ஃபிரிட்ஜின் பின்புறம், அடுப்பின் பின்புறம், ஜன்னல் கம்பி இடைவெளி இவற்றையும் அடையுங்கள். குட்டி உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும். வாஷிங் மெஷினின் மூடியை எப்போதும் சாத்தி வைத்து, ஓடவிடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையைவிட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் பழகும் விதம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். உங்கள் மகள் இழுத்த அந்த ஒரு நிமிடம் குட்டியின் மனத்தில் இருக்கும். அவள் ஆசையால் செய்தாள், அவளைத் திட்ட வேண்டாம். இனி யாரும் ஒளிவிடத்துக்குள் கையை நீட்டுவதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பது, துடைப்பத்தால் நெம்புவது எல்லாம் இதில் அடங்கும்.

அவளுக்கே ஒரு வேலை கொடுங்கள். தினமும் காலையும் மாலையும் சோபாவிலிருந்து நாலைந்து அடி தள்ளித் தரையில், குட்டிக்குப் பக்கவாட்டாக உட்காரட்டும். நின்றால் நாம் அதற்கு மலை மாதிரி. அவள் தன் பாடத்தையோ கதையையோ மெல்லிய குரலில் வாசிக்கட்டும், குட்டியைப் பார்க்கவே வேண்டாம். கால் மணி நேரம் போதும். எழுந்து போகும்போது ஈர உணவு ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் குரல் வந்தால் சாப்பாடு வரும், கை வராது என்று குட்டி சில நாட்களில் கற்றுக்கொள்ளும். விடியற்காலையும் அந்தி நேரமும் பூனைகள் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகள், அந்த நேரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசை காட்டுவதற்காகப் பால் மட்டும் ஊற்ற வேண்டாம். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சல் வந்துவிடும்.

குட்டி அடியிலிருந்து எட்டிப் பார்த்தால் முறைத்துப் பார்க்காதீர்கள். பூனைகளுக்குள் முறைப்பது மிரட்டல். கண்களை மெதுவாகச் சுருக்கி, மூடி, மெதுவாகத் திறந்து காட்டுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். மனிதர் இப்படிக் கண்ணைச் சுருக்கினால் பூனைகளும் பதிலுக்குச் சுருக்கின, முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் நீட்டிய கையை நோக்கி வருவது கூடியது. எனக்கு இது வேலையில் தினமும் உதவுகிறது. உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், குட்டி முதல்முறை பதிலுக்குக் கண்ணைச் சுருக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் விளையாட்டு. நீளமான குச்சியில் நூல் கட்டி, அதன் நுனியில் துணித்துண்டோ இறகோ முடிந்து, சோபாவின் ஓரமாகத் தரையில் இழுத்துப் போங்கள். பயத்தைவிட வேட்டை ஆசை பெரிதாகும் கணம் ஒன்று வரும், முன்னங்கால் ஒன்று வெளியே நீளும். அதற்கு மேல் அவசரப்படுத்த வேண்டாம். விளையாடி முடித்ததும் நூலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.

குட்டி தானாக அருகில் வந்தால் தூக்காதீர்கள். ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி அசையாமல் வைத்திருங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தை உரசினால் கன்னத்திலும் தாடையின் கீழும் மெல்லத் தடவலாம். மூன்று நான்கு நொடியில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே தலையை முட்டும். வயிற்றையும் வாலையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பயம் குறைகிறதா என்பதை ஒளிந்திருக்கும் நிலையிலேயே படித்துவிடலாம். கண்மணி விரிந்து, காது பக்கவாட்டில் படிந்து, உடம்பு தரையோடு ஒட்டியிருந்தால் நன்றாகப் பயந்திருக்கிறது, விலகிப் போங்கள். அதே இடத்தில் முன்னங்கால்களை நெஞ்சுக்குக் கீழே மடித்து, கண் பாதி மூடிக் கிடந்தால் ஓய்வெடுக்கிறது. குட்டிகள் ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கும், ஆகவே பகல் முழுக்க வரவில்லை என்பதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் அறையில் இருக்கும்போதே அது உட்கார்ந்து தன் உடம்பை நக்கிக்கொண்டால், நான் அதைப் பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொள்வேன். ஆபத்து இருக்கிறது என்று நினைக்கும் பூனை அப்படி மெய்மறந்து குளிக்காது.

எத்தனை நாள் ஆகும்? பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம். அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் குட்டி அந்த வாரங்களை ஒரு வீட்டில், மனிதர்களுக்கு நடுவில் கழித்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் பகலிலும் உலாவத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் ஆரோக்கியமான குட்டிக்குத்தான். உடம்பு முடியாத பூனையும் ஒளியும், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே தட்டில் எவ்வளவு வைத்தீர்கள், காலையில் எவ்வளவு மிச்சம், லிட்டர் பாக்ஸ் மணலில் சிறுநீர் பட்டு இறுகிய கட்டி எத்தனை, மலம் கெட்டியா இளகலா என்று தினமும் குறித்து வையுங்கள். முடிந்தபோது சமையலறைத் தராசில் எடை பாருங்கள், இந்த வயதில் வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூட வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. வளர்ந்த பூனை ஒரு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுவோம், ஒன்பது வாரக் குட்டி அரை நாள் உணவைத் தொடாமல் இருந்தாலே கூப்பிட வேண்டும். வாந்தி, கழிச்சல், மூக்கிலோ கண்ணிலோ ஒழுகல், தும்மல், மூச்சு வாங்குதல், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஏறி நிற்பது, லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்குவது, விளையாட்டுக்கு அசையாமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே காட்டுங்கள். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். ஒருவேளை குட்டி நன்றாகப் பழகி வெளியே வந்து, பிறகு திடீரென்று மறுபடி ஒளியத் தொடங்கினால், பயம் என்று நினைப்பதற்கு முன் நோயா என்று பாருங்கள்.

எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் வரும் சில நாட்களுக்குள் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், குடற்புழு நீக்கமும் முதல் தடுப்பூசியும் இந்த வயதில் தள்ளிப்போடக் கூடாதவை. திரும்பி வந்த அன்று குட்டி மறுபடி பெட்டிக்குள் போய்விடும், ஓரிரு நாள் முதலிலிருந்து தொடங்குவது போலத் தோன்றும். விட்டுவிடுங்கள். குட்டி வளர்ந்து சோபாவின் மேலேயே படுக்கத் தொடங்கிய பிறகும் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டுக்கு விருந்தினர் வரும்போதும் வெளியே பட்டாசு வெடிக்கும்போதும் அது முதலில் தேடப்போவது அதைத்தான்.